ஸ்பெயினின் ‘மாகாணம்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கோத்தகிரி ஆசிரியை:
பெரியோர்க்கு வணக்கம். புவியியல் மன்றக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கனடாவின் 10 மாகாணங்களில் சிக்கலில்லை. சட்டமன்றம், முதல்வர் எல்லாம் உண்டு. ஸ்பெயினில்தான் மாட்டிக்கொண்டேன். மேலே 17 தன்னாட்சிப் பகுதிகள், கீழே நகராட்சிகள், நடுவில் 50 பிரிவுகள். சட்டமன்றம் மேலே உள்ள 17-க்குத்தான். நடுவில் இருப்பதற்கு ‘மாகாணம்’ என்று போட்டால், “அப்புறம் மாவட்டம்னா என்ன டீச்சர்?” என்கிறார்கள் பிள்ளைகள்.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, மாகாணத்தை விட்டுத்தள்ளுங்கள். சோழர் ஆட்சியில் மண்டலம், வளநாடு, நாடு என்ற அடுக்கு இருந்ததே. நடு அடுக்குக்கு ‘வளநாடு’ கச்சிதம். மாகாணமோ மாகாணியிலிருந்து வந்தது என்பது என் துணிபு. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, கூட்டினால் பதினாறில் ஒன்று. நாட்டைப் பதினாறாகக் கூறுபோட்டிருக்க வேண்டும்.

ஊட்டி:
கூறுபோட்ட மன்னர் யாரய்யா? கல்வெட்டு காட்டுங்கள். படகர் வழக்கில் நம் நீலகிரி மலையே நாலு சீமை: தொதநாடு, பொறங்காடு, மேக்குநாடு, குந்தா. ‘சீமை’ என்று போட்டால் கோத்தகிரிப் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.

குன்னூர்:
சீமை வடசொல். தவிர, சீமை எண்ணெய் ஊற்றி விளக்கேற்றியவர்களுக்குச் சீமை என்றால் லண்டன்.

ஊட்டி:
மண்டலம் மட்டும் தமிழாக்கும்? உதகமண்டலத்தில் இருப்பதுகூட தோடர்களின் ‘மந்து’தான் (அவர்கள் குடியிருப்பு)!

கூடலூர்:
இருவரும் பொறுங்கள். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியவர்கள் இன்றும் மத்திய மாகாணம், ஊவா மாகாணம் என்றுதான் பேசுவார்கள். அங்கே 9 மாகாணம், 25 மாவட்டம். மாகாண சபை என்பதே 1987-இல் 13-ஆம் திருத்தத்தோடு வந்தது. அதற்கு முன்பும் அதன் பெயர் மாகாணம்தான். அதிகாரத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால், சட்டம் திருத்தும்போதெல்லாம் அகராதியையும் திருத்த வேண்டும்.

ஸ்பெயின் கதையும் அப்படித்தான். அந்தப் பிரிவுகள் 1833-இல் வந்தவை (இலங்கையை வெள்ளைக்காரன் 5 மாகாணமாக்கியதும் அதே ஆண்டு). 17 தன்னாட்சிப் பகுதிகள் 1978 அரசியல் சட்டத்துக்குப் பிறகு மேலே ஏறி உட்கார்ந்தவை. மாகாணம் மூத்தது, அவ்வளவுதான். டீச்சர், இதை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

பந்தலூர்:
என் ஓட்டு ‘மாவட்ட’த்துக்கு. நகராட்சிகளுக்குக் கைகொடுப்பதுதானே ஸ்பெயினின் அந்த நடுப் பிரிவின் முக்கிய வேலை? நம்மூர் மாவட்ட ஊராட்சி மாதிரி.

ஊட்டி:
மாட்ரிட்டில் தன்னாட்சிப் பகுதியும் மாகாணமும் ஒன்றேதான். அங்கே மாவட்டத்துக்குச் சட்டமன்றம் என்று எழுதுவீர்களா? வேண்டாம். மாகாணமே இருக்கட்டும். சீமையை வாபஸ் வாங்குகிறேன்.

கோத்தகிரி ஆசிரியை:
‘மாகாணம்’ என்றே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். கூடலூர் அண்ணன் சொன்ன இரண்டு வரியும் சேர்ந்திருக்கிறது. பந்தலூர்த் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குன்னூர்:
அடைப்புக்குறிக்குள்ளாவது வளநாட்டைப் போட்டிருக்கலாம். மாகாணி பற்றித் தனி மடல் வரும்.