‘வேப்பமரத்தடி’ குடும்பக் குழு: ட்ரெயிலரில் விளக்கு எரியவில்லை

புதன்கிழமை

மாலை 6:12
சாந்தி: அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை கில்பெயார் பூங்காவில் முகாமிடப் புறப்பட வேண்டுமே என்று, நாங்கள் இழுத்துப் போய்த் தங்கும் ட்ரெயிலரைத் துப்புரவாக்கத் திறந்தேன். உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை, தண்ணீர்ப் பம்பு ஓடவில்லை, குளிர்சாதனப் பெட்டியின் முகப்பில் ஒரு வெளிச்சமும் இல்லை. ஆனால் மைக்ரோவேவ் மட்டும் வழமைபோல வேலை செய்கிறது. கராஜிலிருந்து வரும் வயர் செருகியபடியேதான் இருக்கிறது. தம்பி நிமலன், வேலை முடிந்ததும் இதைக் கொஞ்சம் பார்.

6:14
மாலா மாமி: பதினைந்து பேருக்கான ஆட்டிறைச்சியை நேற்றே வாங்கிவிட்டேன். குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் அதை எங்கே வைப்பது?

6:15
றூபன்: மே மாதம் நான் திருப்பித் தந்தபோது எல்லா விளக்குகளும் எரிந்தன.

6:16
சாந்தி: உங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, அண்ணா.

6:16
கீர்த்தனா: தொடங்கியாச்சு.

6:18
பெரியப்பா: பிள்ளை, இந்தக் குழுவில் முழு வசனமாகவும் நல்ல தமிழிலும் எழுதுவது என்று தைப்பொங்கலன்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

6:19
கீர்த்தனா: மன்னிக்க வேண்டும், தாத்தா. மூன்று குடும்பமும் சேர்ந்து வாங்கிய ட்ரெயிலரைப் பற்றிய இந்த ஆண்டின் வாக்குவாதம் தொடங்கிவிட்டது என்பதே நான் சொல்ல வந்தது.

6:24
செல்வம் மாமா: மைக்ரோவேவுக்கு வருகிற மின்சாரம் விளக்குக்கு மட்டும் வராமல் இருக்கிறதென்றால், எங்கோ நியூற்றல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற கம்பி, கழன்றிருக்கிறது. நான் மின்சார சபையில் இருந்த காலத்தில் இப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் இருந்தால் ஒளிரும் ரெஸ்ரர் ஒன்றை எடுத்து விளக்குத் தாங்கியில் வைத்துப் பாருங்கள்.

6:41
நிமலன்: மாமா, வீடாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ட்ரெயிலருக்குள் இரண்டு தனித்தனி மின்சாரம் ஓடுகிறது. வெளியிலிருந்து வயர் வழியாக வரும் 120 வோல்ற் ஆடலோட்டம் (AC) மைக்ரோவேவுக்கும், கூரைக் குளிரூட்டிக்கும், சுவரில் உள்ள பிளக்குகளுக்கும் போகிறது. விளக்குகள், தண்ணீர்ப் பம்பு, வெப்பமூட்டியின் விசிறி, காஸ் எச்சரிக்கைக் கருவி ஆகிய எல்லாம் பற்றரியின் 12 வோல்ற் நேரோட்டத்தில் (DC) ஓடுகின்றன. குளிர்சாதனப் பெட்டி காஸில் ஓடினாலும் வெளி மின்சாரத்தில் ஓடினாலும், அதைக் கட்டுப்படுத்தும் பலகைக்கு அந்த 12 வோல்ற் வேண்டும். ஆகவே அக்கா சொல்லும் அறிகுறிகளில் ஆடலோட்டப் பக்கம் நன்றாக இருக்கிறது, நேரோட்டப் பக்கம் முழுவதும் செத்துக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கொன்வேற்றர் என்ற பெட்டி இருக்கிறது. வயர் செருகியிருக்கும்போது 120 வோல்ற்றை 12 ஆக மாற்றி, விளக்குகளுக்கும் கொடுத்து, பற்றரியையும் நிரப்புவது அதன் வேலை. ரெஸ்ரர் 12 வோல்ற்றுக்கு ஒளிராது. கராஜில் உள்ள மஞ்சள் நிற மீற்றரை எடுத்து, நேரோட்ட வோல்ற்றில் வைத்து, பற்றரியின் இரண்டு முனைகளிலும் தொட்டுப் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள்.

6:43
றூபன்: மிகவும் நீண்ட செய்தி.

6:44
பெரியப்பா: நீளமாக இருந்தாலும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறான்.

6:52
கீர்த்தனா: மீற்றர் 7.4 காட்டுகிறது, மாமா.

6:58
நிமலன்: வயர் செருகியிருக்கும்போதா 7.4? கொன்வேற்றர் வேலை செய்தால் அங்கே குறைந்தது 13 வோல்ற்றுக்கு மேல் இருக்க வேண்டும், பொதுவாக 13.6 அளவில் நிற்கும். வயரைக் கழற்றி ஓய்வில் விட்டாலும், நிறைந்த ஈய-அமிலப் பற்றரி 12.6 அல்லது 12.7 காட்டும், 12.1 என்றால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். 7.4 என்பது பற்றரி அடியோடு இறங்கிவிட்டதையும், அதற்கு ஒரு சொட்டு மின்சாரமும் போய்ச் சேரவில்லை என்பதையும் காட்டுகிறது. இந்தப் பற்றரி எப்போது வாங்கியது?

7:01
சாந்தி: போன மாதந்தான் புதிதாக வாங்கினோம். குளிர்காலத்தில் கழற்றி உள்ளே வைக்காமல் விட்டதால் பழையது உறைந்து வீங்கிப் போனது உனக்குத் தெரியுந்தானே.

7:02
றூபன்: குளிர்காலத்தில் ட்ரெயிலர் என் வீட்டில் நிற்கவில்லை.

7:03
மாலா மாமி: ஆட்டிறைச்சியைப் பற்றி யாராவது ஒரு பதில் சொல்லுங்கள்.

7:06
சாந்தி: புதியதைப் பூட்டிய பிறகு எல்லாம் எரிந்தன, நிமலன். சனிக்கிழமை இரவு பிள்ளைகள் நால்வரும் முற்றத்தில் ட்ரெயிலருக்குள்ளேயே விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்தார்கள். அப்போது ஒரு குறையும் இருக்கவில்லை.

7:07
கீர்த்தனா: விடியும்போது விசிறி மிகவும் மெதுவாகச் சுற்றியது. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

7:15
நிமலன்: இப்போது விளங்குகிறது. பற்றரியில் இருந்ததைத்தான் பிள்ளைகள் செலவழித்திருக்கிறார்கள், மிச்சத்தைக் காஸ் கருவியும் குளிர்சாதனப் பெட்டியின் பலகையும் இழுத்து முடித்திருக்கின்றன. கீர்த்தனா, கட்டிலுக்குக் கீழே பிறேக்கர்களும் (மின்சாரம் அதிகமானால் தானே விழும் சுவிட்சுகள்) பியூஸ்களும் இருக்கும் பெட்டியைத் திற. முதலில் வெளி வயரைக் கழற்று, பிறகு பற்றரியின் எதிர்முனையையும் கழற்று, அதன் பிறகுதான் கை வை. வண்ண வண்ணமாக வரிசையாக இருப்பவை விளக்கு, பம்பு முதலியவற்றுக்கான பியூஸ்கள். அவற்றுக்குப் புறம்பாக, ஓரத்தில் ஒரே அளவில் இரண்டு பெரிய பியூஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பற்றரியை யாராவது முனை மாற்றிப் பூட்டினால் கொன்வேற்றர் எரிந்துவிடாமல் தாங்களே எரிந்து அதைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டவை அவை. அவற்றைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பு.

7:27
கீர்த்தனா: படம் அனுப்பியிருக்கிறேன். இரண்டின் உள்ளேயும் கம்பி அறுந்து பிளாஸ்ரிக் கருகியிருக்கிறது. இரண்டிலும் 40 என்று எழுதியிருக்கிறது.

7:35
நிமலன்: அதுதான் காரணம். அந்த இரண்டும் சும்மா எரிவதில்லை. எங்கள் ட்ரெயிலரில் அவை போய்விட்டால் கொன்வேற்றரிலிருந்து எதுவும் வெளியே வராது. பற்றரியில் இருப்பு உள்ளவரை விளக்கு எரியும், பிறகு வயர் செருகியிருந்தாலும் எல்லாம் அணைந்துவிடும். இது அடிக்கடி நடக்கிற விடயம். காரில் சிவப்பு வயர் நேர்முனை, கறுப்பு எதிர்முனை என்று பழகிய கை, இங்கேயும் கறுப்பை எதிர்முனையில் போட்டுவிடும். ட்ரெயிலர் செய்கிறவர்களோ இந்நாட்டு வீட்டு வயரிங்கின் வழக்கப்படி கறுப்பை நேர்முனைக்கும் வெள்ளையை எதிர்முனைக்கும் விடுகிறார்கள். ஒரு கணம் தொட்டாலே போதும், பியூஸ் போய்விடும். பிறகு சரியாக மாற்றிப் பூட்டினால் எல்லாம் எரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. பற்றரியைப் பூட்டியது யார்?

7:48
கீர்த்தனா: அப்பா இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டார்.

7:50
சாந்தி: பூட்டும்போது ஒரு பொறி பறந்தது, அது புதுப் பற்றரிக்கு வழமைதான் என்று இவர் அன்று சொன்னதாக எனக்கு ஞாபகம்.

7:51
றூபன்: ஆக, மே மாதம் நான் திருப்பித் தந்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன.

7:52
பெரியப்பா: றூபன், அதை இத்தோடு விடு.

8:05
செல்வம் மாமா: நிமலன் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியின் படத்தில் வேறொரு குறையைக் கண்டேன். நியூற்றலையும், பாதுகாப்புக்காக நிலத்தோடு இணையும் எர்த் கம்பியையும் இணைக்காமல் தனித்தனியாக விட்டிருக்கிறார்கள். அவற்றை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட வேண்டும். மற்றது, அந்த மெல்லிய செம்மஞ்சள் வயரில் இவ்வளவு பாரத்தை ஓட்டுவது சரியில்லை. சாந்தியின் கராஜில் துணி உலர்த்திக்குப் பூட்டுவதுபோல இரட்டைப் பிறேக்கர் போட்டு, ட்ரெயிலரின் 30 அம்பியர் பிளக்குக்கென்று தனி இணைப்பு எடுத்தால் என்ன? ஞாயிற்றுக்கிழமை நானே வந்து செய்து தருவேன்.

8:21
நிமலன்: மாமா, தயவுசெய்து இந்த இரண்டையும் செய்ய வேண்டாம். ஏன் என்று விரிவாக எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். நியூற்றலும் எர்த்தும் இணைவது வீட்டின் பிரதான பெட்டியில் ஒரே ஒரு இடத்தில்தான். ட்ரெயிலருக்குள் இன்னொரு தடவை இணைத்தால், திரும்பிப் போகிற மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வயர் வழியாகவும் ட்ரெயிலரின் இரும்புச் சட்டம் வழியாகவும் ஓடத் தொடங்கும். எங்காவது எர்த்தும் நியூற்றலும் சேர்ந்து அறுந்தால் வண்டியின் தகரமே உயிர்க்கம்பியாகிவிடும், ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுகிற பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அடுத்தது அந்த 30 அம்பியர் பிளக். ஊரில் 230 வோல்ற் ஒரே கம்பியில் வரும். இங்கே வீட்டுக்கு 120 வோல்ற் உடைய இரண்டு கம்பிகள் வருகின்றன, இரட்டைப் பிறேக்கர் அவை இரண்டையும் பிடித்து உலர்த்திக்கு 240 ஆகக் கொடுக்கிறது. ட்ரெயிலரின் 30 அம்பியர் பிளக்கோ ஒரு கம்பி, ஒரு நியூற்றல், ஓர் எர்த் கொண்ட வெறும் 120 வோல்ற் பிளக். 30 அம்பியர் என்றதும் உலர்த்தியை நினைத்து 240 கொடுத்துவிடுவது அனுபவமுள்ள மின்வேலைக்காரருக்கே நடக்கிறது. அப்படிக் கொடுத்தால் கொன்வேற்றர், மைக்ரோவேவ், தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டியின் பலகை எல்லாம் ஒரு நொடியில் போய்விடும். ஒற்றைப் பிறேக்கர்தான் வேண்டும். அதோடு, புதிய இணைப்பு எடுப்பதென்றால் ஒன்ராறியோ மின்சாரப் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவித்து, அவர்கள் பரிசோதிக்க இடம் கொடுக்க வேண்டும்.

8:26
செல்வம் மாமா: முப்பது வருடம் கம்பத்தில் ஏறியவனுக்குப் பாடம் எடுக்கிற காலம் வந்துவிட்டது.

8:27
மாலா மாமி: நீங்கள் ஏறிய கம்பம் கனடாவில் இல்லையே.

8:29
பெரியப்பா: செல்வம், அவன் மரியாதையோடுதான் எழுதியிருக்கிறான். வயரைப் பற்றி நீ சொன்னது சரிதானா என்று அவனையே கேட்போம்.

8:33
நிமலன்: மாமா வயரைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கராஜ் பிளக் 15 அம்பியர், அதாவது 1800 வாற்று. கூரைக் குளிரூட்டி மட்டுமே ஏறக்குறைய 13 அம்பியர் இழுக்கும். அதோடு மைக்ரோவேவும் ஓடினால் பிறேக்கர் விழும், விழாவிட்டால் அந்த மெல்லிய வயரின் பிளக் உருகும். முற்றத்தில் நிற்கும்போது குளிரூட்டியைப் போடவே வேண்டாம். கில்பெயாரில் நாங்கள் எடுத்த இடத்தில் 30 அம்பியர் பிளக் இருப்பதால் அங்கே இந்தக் கவலை இல்லை.

8:36
மாலா மாமி: கில்பெயாரில் வாலை ஆட்டிச் சத்தம் எழுப்புகிற விரியன் பாம்பு இருப்பதாகச் சொல்கிறார்களே. விளக்கில்லாமல் இரவில் எப்படி இறங்கி நடப்பது?

8:37
கீர்த்தனா: மாமி, அது பாதுகாக்கப்பட்ட பாம்பு, நாங்கள் மிதிக்காவிட்டால் அது தன்பாட்டில் போய்விடும்.

8:38
மாலா மாமி: மிதிக்காமல் நடப்பதற்குத்தானே விளக்குக் கேட்கிறேன்.

8:52
யோகன் (கீர்த்தனாவின் அப்பா): நாளை வேலையால் வரும்போது கனேடியன் டயர் கடையில் பியூஸ் வாங்கி வருகிறேன். 40 அம்பியரில் இரண்டு போதுமா?

8:55
நிமலன்: நான்கு வாங்குங்கள், அத்தான், இரண்டு கைவசம் இருக்கட்டும். 40 இல்லையென்று 50 வாங்கிவிட வேண்டாம், பியூஸுக்குப் பதில் வயர்தான் எரியும். 7.4 வரை இறங்கிய பற்றரியைச் சில சார்ஜர்கள் பற்றரி என்றே கண்டுகொள்ளாது, ஆகையால் என்னிடம் உள்ள பழைய சார்ஜரை இரவே கொண்டுவந்து பூட்டுகிறேன். அது இனி மின்சாரத்தைப் பிடித்து வைக்குமா என்பது விடியும்போது தெரியும். பியூஸ் போட்ட பிறகு முனைகளில் 13.6 அளவில் காட்டினால் கொன்வேற்றர் தப்பிவிட்டது. இன்னொன்றையும் மறக்காமல் பார்க்க வேண்டும். காஸ் எச்சரிக்கைக் கருவி பற்றரியோடு நேரே இணைந்திருப்பதால், முனை மாறிய அந்தக் கணத்தில் அதுவும் போயிருக்கலாம். பொத்தானை அழுத்தினால் கத்த வேண்டும். கத்தாவிட்டால் அதை மாற்றாமல் அதற்குள் யாரும் படுக்கக் கூடாது. அதன் பின்புறத்தில் காலாவதித் திகதியும் இருக்கும், அதையும் பாருங்கள்.

8:58
சாந்தி: அதையும் நாளைக்கே வாங்கிவிடலாமா?

8:59
நிமலன்: முதலில் பற்றரி நிறையட்டும், பிறகு அழுத்திப் பார்ப்போம். மாமா, நேரமிருந்தால் நாளை மாலை நீங்களும் வாருங்கள், வெளி வயரின் பிளக்கைப் புதிதாகப் பூட்ட வேண்டியிருக்கிறது.

9:04
செல்வம் மாமா: வருகிறேன். கராஜ் இணைப்பைப் பற்றி நேரில் பேசுவோம்.

9:06
மாலா மாமி: இறைச்சியை நாளை மசாலாவில் ஊற வைக்கலாமா, வேண்டாமா?

9:08
நிமலன்: ஊற வையுங்கள், மாமி. ஆனால் இந்த வகைக் குளிர்சாதனப் பெட்டி குளிர்ந்து வர ஓர் இரவு முழுவதும் தேவை, அதனால் ஐஸ் பெட்டியையும் எடுத்து வையுங்கள்.

9:10
றூபன்: எனது ட்ரக்கில்தான் இழுத்துப் போகிறோம் என்பதால் கேட்கிறேன். இந்தப் பற்றரி பழுதென்றால் அடுத்ததன் விலையும் மூன்றாகப் பிரிக்கப்படுமா?

9:11
சாந்தி: அதைக் கில்பெயாரில் பேசிக்கொள்வோம், அண்ணா.