பவுண்டரி வெக்கை: தண்ணீர் குடித்தும் கால் இழுக்கிறது, உப்பு மாத்திரை கொடுக்கலாமா?

ஷிப்ட் இன்சார்ஜ், கோவை
இண்டக்‌ஷன் ஃபர்னஸ் (உலோகம் உருக்கும் மின் உலை) பக்கம் மெட்டல் ஊற்றும் ஆட்களுக்கு ஏப்ரல் பிறந்ததிலிருந்து மதியத்துக்கு மேல் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. சிலருக்குத் தலைசுற்றல். தண்ணீர் கேன் பக்கத்திலேயே இருக்கிறது, நிறையத்தான் குடிக்கிறார்கள். இரண்டு பெடஸ்டல் ஃபேன் ஓடுகிறது. உப்பு மாத்திரை வாங்கி வைக்கலாமா? வேறு என்ன மாற்றுவது?

ஆலை மருத்துவர்
உப்பு மாத்திரை வேண்டாம் சார். வயிற்றைப் புரட்டி வாந்தியில் முடியும். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200–250 மி.லி. போதும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. காலையில் சாப்பிடாமல் வருகிறவர்களைக் கவனியுங்கள், உப்பு முக்கியமாகச் சாப்பாட்டில்தான் கிடைக்கிறது. இடையில் உப்பு போட்ட நீர்மோர் நல்லது. கால் இழுப்பவருக்கு ஓ.ஆர்.எஸ்.: 20.5 கிராம் பொட்டலம் முழுசாக ஒரு லிட்டரில். டம்ளரில் பாதிப் பொட்டலம் கொட்டிக் கலக்குவது தப்பு.

அதைவிட எனக்குக் கவலை வலி மாத்திரைதான். கால் வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு மறுபடி ஃபர்னஸ் முன்னால் நிற்பார்கள். உடம்பில் நீர் வற்றினால் கிட்னிக்குப் போகும் இரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும்; இந்த மாத்திரை அதை இன்னும் குறைக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து கிட்னியை அடைக்கிறது என்று சந்தேகப்பட்டு, அன்றைக்கே இரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னிக்கு), சி.பி.கே. (தசைச் சிதைவுக்கு) பாருங்கள்.

ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ அது வெப்பவாதம். வியர்வை நின்றால்தான் வெப்பவாதம் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வேலையில் இருந்தவருக்கு வியர்த்துக்கொண்டேயும் வரும். 108-க்கு ஒருவர் போன் செய்யும்போதே ஏப்ரன், பூட்ஸைக் கழற்றி, தலையைத் தாங்கிப் பிடித்து, கழுத்துவரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்குங்கள். தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயில் கிடத்தி, ஓரங்களைத் தூக்கிப் பிடித்து ஐஸ் தண்ணீரை ஊற்றுங்கள். முதல் அரை மணி நேரம்தான் உயிர். நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. இந்தச் சூட்டுக்குப் பாராசிட்டமால் கேட்காது.

சேஃப்டி ஆபீசர்
ஃபேன் காற்றைத்தான் நகர்த்தும், ஃபர்னஸ் வாயிலிருந்து வரும் அனல் கதிரை அது தடுக்காது. காற்றே 40 டிகிரி இருந்தால் ஃபேன் சூட்டை உடம்பில் கொண்டுவந்து அடிக்கும். ஆளுக்கும் ஃபர்னஸுக்கும் நடுவில் அலுமினியத் தகடு நிறுத்துங்கள், பளபளப்பான பக்கம் ஃபர்னஸைப் பார்த்து. மணல் தூசி படிந்தால் அந்தத் தகடே சூடாகி அனல் வீசும், அதனால் ஷிப்டுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்.

புது ஆளை முதல் நாளே முழு ஷிப்ட் ஊற்ற விடாதீர்கள். 20 சதவீத நேரம், பிறகு தினமும் 20 கூட்டுங்கள். நீண்ட லீவு போய் வந்த பழைய ஆளுக்கு முதல் நாளிலிருந்து நாளுக்கு நாள் 50, 60, 80, 100 சதவீதம்.

ஷிப்ட் இன்சார்ஜ், கோவை
நன்றி. டபிள்யூ.பி.ஜி.டி. மீட்டர் (ஈரப்பதம், அனல் கதிர் எல்லாம் சேர்த்து வெக்கையை அளப்பது) வைத்தோம், ஊற்றும் இடத்தில் 30 காட்டுகிறது. வெயிலே 38தானே, இது பரவாயில்லையா?

சேஃப்டி ஆபீசர்
இல்லை சார், 30 அதிகம். இந்த எண்ணை வெயில் டிகிரியோடு ஒப்பிடக் கூடாது. கூரைக்குள் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 சதவீதம், அனல் கதிரை வாங்கும் கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதில் 30 சதவீதம் சேர்த்த கணக்கு இது. ஏ.சி.ஜி.ஐ.எச். (அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பு) வரம்புப்படி, வெக்கைக்குப் பழகிய ஆளுக்கே கடின வேலையில் 29-ஐத் தாண்டினால் மணிக்கு 15 நிமிடம்தான் வேலை. அதுவும் 30.5 வரைக்கும். பருத்தி உடைக்கான வரம்பு அது. அலுமினியக் கோட் போட்டால் வியர்வை ஆவியாகாது, வரம்பு இன்னும் குறையும். ஆகவே ஊற்ற மாற்று ஆட்கள் வேண்டும், ஓய்வு ஃபர்னஸ் ஷெட்டுக்கு வெளியே.

மீட்டரை வைத்து 20–25 நிமிடம் கழித்தா படித்தீர்கள்? கறுப்பு உருண்டை சூடேற அவ்வளவு நேரமாகும், சீக்கிரம் படித்தால் குறைத்துக் காட்டும். ஈர வெப்பமானியைச் சுற்றிய திரித்துணி காய்ந்தோ அழுக்காகவோ இருந்தால் கூட்டிக் காட்டும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, மெட்டல் ஊற்றும்போதே மறுபடி எடுத்துப் போடுங்கள்.