அலோபுரினாலை நிறுத்திவிட்டு குவர்செட்டினுக்கு மாறலாமா?

தூத்துக்குடிக்காரன்:
வயது 52. மார்கழியில் ஒரு நள்ளிரவு, கால் பெருவிரல் தீப்பிடித்தது போல் எரிந்து விழித்துக்கொண்டேன். போர்வை பட்டாலே உயிர் போனது. ரத்தத்தில் யூரிக் அமிலம் 8.4 (மி.கி./டெ.லி.); அது மூட்டில் படிந்து வலி தரும் கௌட் நோய். மருத்துவர் அலோபுரினால் 100 மி.கி. எழுதித் தந்தார். மூன்றாவது வாரமே மறுபடி வலி. சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் குவர்செட்டின் 500 மி.கி. டப்பா ஒன்றைக் கையில் திணித்து, "வெங்காயத்தில் இருப்பதுதான், பயப்படாதீர்கள்" என்கிறார். மாறிவிடலாமா? நெத்திலிக் கருவாட்டை விட்டு இரண்டு மாதமாகிறது. அந்தத் துக்கம் வேறு.

பழைய மருந்தாளுநர்:
அண்ணாச்சி, மைத்துனர் சொல்வது முழுப் பொய்யில்லை. யூரிக் அமிலத்தை உண்டாக்கும் சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதியைத்தான் அலோபுரினால் தடுக்கிறது. சோதனைக்குழாயில் குவர்செட்டினும் அதையே செய்கிறது. மனிதரிடமும் பார்த்திருக்கிறார்கள். 2016இல் வெளியான லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் 22 ஆண்கள் தினமும் 500 மி.கி. வீதம் நான்கு வாரம் சாப்பிட்டார்கள். யூரிக் அமிலம் சுமார் 0.45தான் இறங்கியது. அவர்கள் கௌட் நோயாளிகளும் அல்லர், நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள். உங்கள் கணக்கைப் போடுங்கள்: 8.4இல் 0.45 போனால் ஏறக்குறைய 8. நீங்கள் போய்ச் சேர வேண்டியதோ 6க்குக் கீழே. வெங்காயத்திலிருந்தே 500 மி.கி. வேண்டுமென்றால் கிலோக் கணக்கில் உரிக்க வேண்டும், கண்ணீர்தான் மிச்சம்.

மூன்றாவது வார வலிக்கு மாத்திரை தோற்றுவிட்டது என்று பொருளில்லை. அளவு இறங்கத் தொடங்கியதும் மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகங்கள் அசைந்து, முதல் சில மாதங்கள் வலியைக் கிளப்புவது வழக்கம். அதற்குத் துணை மருந்து உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். 100 என்பது தொடக்க அளவுதான். ரத்தம் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுவார்கள். ஆனால் தோலில் தடிப்பு வந்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடுங்கள்.

கோவில்பட்டி ஆசிரியர்:
நான் அந்த டப்பாவில் இரண்டு காலி செய்தவன். 7.9 அப்படியே நின்றது. கடைசியில் பார்த்தால், ரத்த அழுத்தத்துக்கு நான் விழுங்கிய மாத்திரையில் சிறுநீரைக் கூட்டும் மருந்து சேர்ந்திருந்தது. அது யூரிக் அமிலத்தை ஏற்றுமாம். மருத்துவர் அதை மாற்றிக் கொடுத்தார். நீங்களும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டால் அதன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

தூத்துக்குடிக்காரன்:
பார்த்தேன். என் ரத்த அழுத்த மாத்திரையிலும் சிறுநீரைக் கூட்டும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 என்று போட்டிருக்கிறது! திங்கட்கிழமை இரண்டு அட்டைகளோடும் டப்பாவோடும் மருத்துவரிடம் போகிறேன். மைத்துனரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லவில்லை.