இரண்டு செஷனுக்கு நடுவில் ஆப்பில் மார்க் போடுவது உதவுகிறதா, படுத்துகிறதா?

அரைத்தூக்கம்:
பதற்றத்துக்காக நான்கு மாதமாகத் தெரபி போகிறேன், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. உட்கார்ந்ததும் "போன தடவைக்கு அப்புறம் எப்படி இருந்தது?" என்று கேட்பார். எனக்கு முந்தின நாள் நடந்தது மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும், அது மோசமாக இருந்தால் இரண்டு வாரமுமே மோசம் என்று சொல்லிவிடுவேன். சரி, குறித்து வைக்கலாம் என்று மனநிலையைக் குறித்து வைக்கும் மூட் டிராக்கர் ஆப் ஒன்று போட்டேன். தினம் ஐந்து தடவை கூப்பிட்டு பத்துக்கு எத்தனை என்று கேட்கிறது. இப்போது சும்மா சிரித்துக்கொண்டிருக்கும்போதுகூட இது ஆறா ஏழா என்று யோசனை ஓடுகிறது, நான்கு போட்டால் அந்த நான்கைப் பார்த்தே மனசு இன்னும் இறங்குகிறது, ஒரு நாள் விட்டுப்போனால், விடாமல் போட்ட நாள் கணக்கு, அந்த ஸ்ட்ரீக் போச்சே என்று அதற்கு ஒரு தனி வருத்தம். நிறுத்திவிடலாமா?

பழையடைரி:
முதலில் அந்த நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். ராத்திரி ஒரு தடவை போதும்.

நானும் பதற்றக்காரன்தான். ஆறு மாதம் மார்க் போட்டேன், கோடு ஏறவே இல்லை. தெரபிஸ்டிடம் புலம்பினபோது அவர் கேட்டது, "இந்த மாதம் எதையெல்லாம் தவிர்த்தீர்கள்?" யோசித்துப் பார்த்தால், முன்பு தெரியாத நம்பரிலிருந்து வரும் போனை எடுக்கவே மாட்டேன், இப்போது கை நடுங்கிக்கொண்டே எடுக்கிறேன். பதற்றத்துக்கு அன்றைக்கும் எட்டுதான், இன்றைக்கும் எட்டுதான், ஆனால் எடுத்தேனா இல்லையா என்பது அந்த ஆப்பில் எங்கேயும் இல்லை. பயப்படுகிற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யப் பழகும்போது ஆரம்பத்தில் பதற்றம் கூடத்தான் செய்யும், அதைப் பார்த்து ஆப் சிவப்பு முகம் காட்டுகிறது! இப்போது நோட்ஸில் மூன்றே விஷயம்: எவ்வளவு தூங்கினேன், எதைத் தள்ளிப்போட்டேன், பயந்தும் எதைச் செய்தேன்.

கடைசிபெஞ்ச்:
உளவியல் படிக்கிறேன், தெரபிஸ்ட் இல்லை. எண் வேண்டுமென்றால் பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள் இருக்கிறது, 2006-ல் வந்தது. 7 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. 5, 10, 15 என்ற எல்லைகளை வைத்து லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று பிரிப்பார்கள். அது கேட்பதே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான், அதனால் தினமும் நிரப்புவதில் அர்த்தமில்லை. உங்களுக்கு செஷனும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்பதால் முந்தின ராத்திரி நிரப்பிக் கொண்டுபோங்கள். ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்கினால் கண்டுகொள்ள வேண்டாம்.

இன்னொன்று. மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாளில் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் போல இருக்கிறதா, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறதா என்பது. அதில் யாருக்காவது 0 தவிர வேறு எதுவும் வந்தால் அடுத்த செஷன் வரை வைத்திருக்காதீர்கள், அன்றைக்கே தெரபிஸ்டையோ உதவி எண்ணையோ கூப்பிடுங்கள். ஆப் உங்களுக்காக யாரையும் கூப்பிடும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

பூட்டுச்சாவி:
எந்த ஆப் என்பதையும் பாருங்கள். ஆன்லைன் தெரபி நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பகிர மாட்டோம் என்று சொன்ன உடல்நலத் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி குற்றம்சாட்டி, 2023-ல் 78 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அதற்கு அப்புறம் நான் எழுதுவதெல்லாம் நெட் இல்லாத சாதா நோட்ஸில்தான், அதற்கும் லாக். கிராஃப் வராது, வராவிட்டால் போகட்டும்.

அரைத்தூக்கம்:
எல்லாருக்கும் நன்றி. ஆப்பை எடுத்துவிட்டேன். நேற்று செஷனில் இந்த ஸ்ட்ரீக் கதையைச் சொன்னேன், "மார்க் குறைந்தால் உங்களுக்கு என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டார், மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம். பழையடைரி சொன்ன மூன்றையும் இன்று ராத்திரி ஆரம்பிக்கிறேன். தள்ளிப்போட்டது பட்டியலில் முதல் வரி ரெடி.