புதுப்பிப்பு: தாஸ்மேனியா கடற்பாறை நடை, அம்மாவின் முழங்கால் தாங்கியது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. 58 வயது அம்மாவை, முழங்கால் வலியோடு, ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில் உள்ள கேப் ஹோய் கடல்முனைக்குக் கூட்டிப்போகலாமா என்று மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து இங்கே கேட்டிருந்தேனே, போய் வந்துவிட்டோம்.

கைகொடுத்தது, பத்துமலையின் 272 படிகளை வாரம் இருமுறை ஏறி இறங்கச் சொல்லி இங்கே பதில் எழுதிய அக்காவின் யோசனைதான். எங்கள் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் எவ்வளவு நடந்தாலும் கால் படிக்குப் பழகாது. கேப் ஹோய் நடை ஃபோர்டெஸ்க்யூ விரிகுடாவில் தொடங்கிப் போய்வர சுமார் 9 கிலோமீட்டர், வழியெல்லாம் கல்படி. 4 மணி நேரம் என்பார்கள், எங்களுக்கு ஐந்தரை. வழிகாட்டிப் பெண் அவசரப்படுத்தவே இல்லை.

எதிர்பாராதது: முனையை நெருங்கும்போது பாதை இறங்குகிறது, ஆகவே திரும்பும்போது களைத்த காலோடுதான் ஏற்றம். அப்புறம் காற்று! ஐந்து ரிங்கிட் பிளாஸ்டிக் மழைக்கோட்டு கிழிந்தே போனது. காற்றுக்கு நல்ல ஜாக்கெட் வாங்கச் சொல்லி இங்கே எழுதிய அண்ணனிடம் வாதாடினேன், மன்னிக்கணும்.

முனையில் டோலரைட் என்ற கடினமான எரிமலைக்குழம்புப் பாறையின் தூண்கள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. 'டோட்டம் போல்' (Totem Pole) என்ற தூண் ஒன்றே 65 மீட்டர் உயரம், ஒல்லியாக. அம்மா எட்டிப் பார்க்கவில்லை. "முருகா" என்று உட்கார்ந்துவிட்டார்.

தேசியப் பூங்காவுக்குத் தனி நுழைவுச்சீட்டு உண்டு. வழிகாட்டியோடு போகும் பயணக் கட்டணத்தில் அதுவும் சேர்த்தியா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.