காய்ச்சல் போயும் கிருமி போகாதவர்கள்: உங்கள் அனுபவம்?

மெஸ் வீட்டுப் பெண்:
அம்மாவுக்கு டைபாய்டு வந்து வருஷக்கணக்காகிறது. மெஸ்ஸில் சமைப்பவர்களுக்கு மருத்துவச் சான்று வாங்கப் போனபோது எல்லாரும் மலப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். அம்மாவுடைய கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மட்டும் டைபாய்டு கிருமியான சால்மோனெல்லா டைஃபி வளர்ந்திருந்தது. காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை. நான் ரிப்போர்ட்டைப் படிக்கப் படிக்க, பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுத்து அதையே பார்த்தபடி நின்றார். அன்றிலிருந்து பேரனைத் தூக்குவதே இல்லை.

கரூர் பையன்:
என் அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுப் பல மாதம் கழித்தும் விடால் என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். அவனும் நோயில்லாமல் கிருமியைச் சுமக்கும் கேரியர்தான். அம்மாவைச் சமையலறைப் பக்கமே விடாதீர்கள் சகோதரி. சமைத்துப் போட்டே பலருக்கு நோயைப் பரப்பிய டைபாய்டு மேரி கதை தெரியும்தானே?

பித்தப்பை எடுத்தவள்:
கரூர் தம்பி, விடாலை வைத்துக் கேரியர் என்று சொல்லவே முடியாது. நோய் போன பிறகும் ரத்தத்தில் அது பாசிட்டிவாக இருக்கலாம். ஓராண்டுக்கு மேலும் மலத்தில் கிருமி வந்தால்தான் நாள்பட்ட கேரியர். டைபாய்டு வந்த 100 பேரில் 1 முதல் 5 பேர் அப்படி ஆகிறார்கள். அந்த டைபாய்டு மேரியை, மேரி மேலனை, இழுக்காதீர்கள். 1907இல் அவரைப் பிடித்தபோது இதற்கு மருந்தே கிடையாது. மொத்தம் 26 ஆண்டுகள் ஒரு தீவில் தனிமைப்படுத்தி வைத்தார்கள், 1938இல் அங்கேயே இறந்தார். இன்று யாருக்கும் அந்த நிலை வர வேண்டியதில்லை.

எனக்குக் கல்லுக்காகப் பித்தப்பையை எடுத்தார்கள், பித்தநீரில் டைஃபி இருந்தது. அவ்வளவுதான் என் கதை.

மெஸ் தங்கச்சி, முதலில் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுங்கள். கிருமி கல்லின்மேல் படலமாக ஒட்டிக்கொண்டால் மாத்திரை எளிதில் எட்டாது. கல் இல்லையென்றால் பெரும்பாலும் நாலு வாரம் மாத்திரை தருவார்கள். ஆனால் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்று கல்ச்சரில் பார்த்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குப் பல நேரம் மசிவதில்லை. கிருமி விட்டு விட்டுத்தான் வெளியேறும், அதனால் ஒரு தடவை நெகட்டிவ் வந்தால் போதாது. மெஸ் சமையலை அதுவரை வேறு யாராவது பார்க்கட்டும். வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள். கழிப்பறை போய்வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினால் பேரனை அம்மா தாராளமாகத் தூக்கலாம்.

குட்டிம்மா அப்பா:
எங்களுக்கு டைபாய்டு இல்லை, வயிற்றுப்போக்கு தரும் வேறு வகை சால்மோனெல்லா. பாப்பா நன்றாக விளையாடுகிறாள், கல்ச்சர் மட்டும் பாசிட்டிவ். ஐந்து வயதுக்குள் கிருமி மலத்தில் வாரக்கணக்கில் வரும், ஆன்டிபயாடிக் கொடுத்தால் இன்னும் இழுக்கலாம் என்று டாக்டர் சும்மா விடச் சொன்னார். காப்பகத்தில் எல்லாக் குழந்தைகளும் பார்க்க அவள் பாயைத் தனியாக எடுத்து வாசலில் போட்டார்கள். வேறு காப்பகம் தேடுகிறோம்.