பை ஃப்ரைடேயா, அன்டில் ஃப்ரைடேயா?

ஆபீஸ் இங்கிலீஷ் மெயில்களில் அடிக்கடி மாட்டுவது பை, அன்டில்ங்கிற ரெண்டு வார்த்தைதான். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்கன்னு கேட்க நினைச்சு ‘ப்ளீஸ் செண்ட் இட் அன்டில் ஃப்ரைடே’ன்னு போட்டுடறாங்க. வினையைப் பாருங்க. வெயிட், ஸ்டே, வொர்க் மாதிரி நீண்டுகிட்டே போற வினைக்கு அன்டில். செண்ட், பே, சப்மிட் மாதிரி ஒரே தடவையில் முடியறதுக்கு பை. ‘டோன்ட்’ சேர்ந்தா கதை வேற: ‘டோன்ட் செண்ட் இட் அன்டில் ஃப்ரைடே’ இலக்கணப்படி சரி, ஆனா வெள்ளிக்கு முன்னாடி அனுப்பாதேன்னு அர்த்தம்.

லீவு மெயிலில் அன்டில் சரியா இருந்தாலும் வம்புதான். ‘ஆன் லீவ் அன்டில் 14 மார்ச்’னா 14ஆம் தேதி ஆள் இருப்பாரா, மாட்டாரா? இங்கிலீஷ்காரங்களுக்கே இதில் குழப்பம் உண்டு. ‘பேக் ஆன் 15 மார்ச்’னு திரும்பி வர்ற நாளைப் போட்டுட்டா யாரும் கேட்க மாட்டாங்க.

*

இதோட ‘இன் டூ அவர்ஸ்’ஸையும் சேர்த்துக்கங்க. பத்து மணிக்கு ‘ஐ வில் கால் யூ இன் டூ அவர்ஸ்’னு அனுப்பினா, எதிராளி பன்னிரண்டு மணி வாக்கில்தான் ஃபோனை எதிர்பார்ப்பார். ரெண்டு மணி நேரத்துக்குள்ள எப்ப வேணா கூப்பிடுவேன்னு சொல்ல ‘விதின் டூ அவர்ஸ்’.

ரெஸ்யூமேக்களில் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃப்ரம் பாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’ இல்லாத ஊரே கிடையாது. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் தி பாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’னு இருக்கணும். ஆரம்பிச்ச வருஷத்தைச் சொல்றதா இருந்தா ‘சின்ஸ் 2019’. ஃபார் போட்டு திருத்திட்டு ‘ஆம் வொர்க்கிங்’கை அப்படியே விட்டுடறவங்கதான் அதிகம். அது பாதித் திருத்தம்.

*

அட், ஆன், இன் பத்தி எல்லாருக்கும் தெரியும்: மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாசத்துக்கும் வருஷத்துக்கும் இன். சறுக்கறது ஒண்ணோட இன்னொண்ணு கலக்கும்போது. ‘இன் தி மார்னிங்’ சரி. கிழமை ஒட்டிக்கிட்டா ‘ஆன் மன்டே மார்னிங்’. ‘இன் ஜூன்’ சரி. தேதி வந்தா ‘ஆன் 5 ஜூன்’. ராத்திரிக்கு ‘அட் நைட்’. வார இறுதிக்கு பிரிட்டிஷ்காரர் ‘அட் தி வீக்கெண்ட்’, அமெரிக்கர் ‘ஆன் தி வீக்கெண்ட்’.

நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி முன்னாடி வந்தா எதுவுமே வேண்டாம். ‘ஆன் நெக்ஸ்ட் மன்டே’யில் அந்த ஆனை அடிச்சுடுங்க. டுமாரோவுக்கும் இதேதான்.